ஆலன் பார்டர்: ஒரு மறுமதிப்பீடு

சில வருடங்களுக்கு முன்னால் விளையாட்டாக ஒரு வேலை செய்தேன். ஆஸ்திரேலிய டெஸ்ட் பேட்ஸ்மேன்கள் சிலரை எக்செல்லில் போட்டு, 50ஐத் தாண்டிய இன்னிங்ஸ்களில் எத்தனை சதமாக மாறின என்று சதவீதம் பார்த்தேன். கிரெக் சாப்பல் 55 முறை ஐம்பதைத் தாண்டி 24 சதம், அதாவது கிட்டத்தட்ட 44 சதவீதம். ரிக்கி பாண்டிங் 103க்கு 41, சுமார் 40. ஸ்டீவ் வா 82க்கு 32, அது 39. ஆலன் பார்டர் 90க்கு 27. சரியாக 30 சதவீதம். நாலு பேரில் கடைசி, அதுவும் நல்ல இடைவெளி விட்டு.

"பார்டரைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைக்கிறோமோ" என்று அப்போது முடிவு கட்டினேன். அந்த ஷீட்டை என்னைவிட மூத்த அலுவலக நண்பர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னார்: "யார் கூட ஆடினாருன்னு ஒரு காலம் சேருங்க தம்பி."

அந்தக் காலத்தைச் சேர்க்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பழைய முடிவு தவறு. ஆனால் பார்டரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் புகழ்ச்சியும் முழுக்கச் சரி இல்லை.

அடிப்படை எண்கள்

156 டெஸ்ட், 265 இன்னிங்ஸ், 11,174 ரன், சராசரி 50.56. ஓய்வு பெறும்போது அதிக டெஸ்ட், அதிக ரன், அதிக முறை கேப்டன் (93 டெஸ்ட்) என்று எல்லாமே உலக சாதனை. 1978 டிசம்பரில் மெல்போர்னில் அறிமுகம். மூன்று டெஸ்ட் ஆடிய பிறகு ஒரு முறை நீக்கப்பட்டார். அடுத்த டெஸ்டில் திரும்பி வந்தவர், 1994இல் ஓய்வு பெறும்வரை ஒரு டெஸ்டைக்கூடத் தவறவிடவில்லை. தொடர்ந்து 153. அலஸ்டர் குக் 2018இல் அதைத் தாண்டும்வரை அந்தச் சாதனை நின்றது.

இதில் என் கண்ணில் பட்ட எண் 44. அத்தனை முறை அவர் நாட் அவுட். நாட் அவுட்டைக் கழிக்காமல் வெறும் இன்னிங்ஸால் வகுத்தால் அவர் கணக்கு 42 ரன்தான் வருகிறது. பாண்டிங்குக்கு 46, சாப்பலுக்கு 47. சராசரியை நாட் அவுட் தூக்கிவிட்டது என்று இதை வைத்து வாதாடலாம். நானும் வாதாடினேன். அப்புறம் ஸ்கோர்கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

நாட் அவுட் எங்கிருந்து வந்தது?

1982 டிசம்பர், மெல்போர்ன். இங்கிலாந்துக்கு எதிராக 292 இலக்கு. 218க்கு ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது ஜெஃப் தாம்சன் உள்ளே வருகிறார். இன்னும் 74 வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து 70 எடுத்தார்கள். போத்தம் பந்தில் தாம்சன் கொடுத்த கேட்சை ஸ்லிப்பில் டாவரே தட்டிவிட, பின்னால் நின்ற மில்லர் பிடித்தார். 3 ரன்னில் தோல்வி. பார்டர் 62 நாட் அவுட்.

1984 மார்ச், போர்ட் ஆஃப் ஸ்பெயின். எதிரில் மேற்கிந்தியத் தீவுகள். முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 255, அதில் பார்டர் 98 நாட் அவுட். சதத்துக்கு இரண்டு ரன் பாக்கி இருக்கும்போது கூட ஆட ஆள் இல்லை. இரண்டாவது இன்னிங்ஸில் 9 விக்கெட்டுக்கு 299. பார்டர் 100 நாட் அவுட். கடைசி ஆளான டெர்ரி ஆல்டர்மேனை வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நின்று டிரா செய்தார். அந்தத் தொடரை ஆஸ்திரேலியா 3-0 என்று இழந்தது. பார்டர் மட்டும் 521 ரன்.

1985 நவம்பர், பிரிஸ்பேன். ரிச்சர்ட் ஹாட்லி 15 விக்கெட் எடுத்த டெஸ்ட். நியூசிலாந்து 553க்கு டிக்ளேர், ஆஸ்திரேலியா 179, 333. இன்னிங்ஸ் தோல்வி. அந்த 333இல் பார்டர் 152 நாட் அவுட்.

இப்போது என் எக்செல்லுக்குத் திரும்புவோம். போர்ட் ஆஃப் ஸ்பெயின் முதல் இன்னிங்ஸ் அதில் எப்படிப் பதிவாகியிருக்கிறது தெரியுமா? "சதமாக மாற்றத் தவறியது." கூட ஆட ஆள் இல்லாமல் நின்றுபோன 98க்கும், 60இல் அசட்டு ஷாட் ஆடி அவுட் ஆனதற்கும் என் கணக்கில் ஒரே மதிப்பெண்.

இன்னொரு எண்ணும் உண்டு. சொந்த மண்ணில் பார்டரின் சராசரி 45.94. வெளிநாட்டில் 56.57. பெரும்பாலான பேட்ஸ்மேன்களுக்கு இது தலைகீழாக இருக்கும். ஒரு காரணம் எளிது: சொந்த மண்ணில் ஆடிய 86 டெஸ்டில் 21 மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரானவை. ராபர்ட்ஸ், ஹோல்டிங்கில் ஆரம்பித்து மார்ஷல், கார்னர் வழியாக ஆம்ப்ரோஸ் வரை எல்லோரையும் பார்த்துவிட்டார். அவர்களுக்கு எதிரே சராசரி 40க்குச் சற்றுக் கீழே. மூன்று சதம்தான். ஆனால் மொத்தமாக 31 டெஸ்ட்! அந்தத் தாக்குதலை 31 முறை எதிர்கொண்டும் 50 சராசரியோடு ஓய்வு பெற்றவர் என்று பார்த்தால் அந்த 50க்கு எடை கூடுகிறது.

கேப்டன் ஆன கதை

1984 ஜனவரியில் சிட்னியில் கிரெக் சாப்பல், டென்னிஸ் லில்லி, ராட் மார்ஷ் மூன்று பேரும் ஒரே டெஸ்டோடு விலகினார்கள். அதே வருடம் நவம்பரில் கிம் ஹியூஸ் பிரிஸ்பேனில் பத்திரிகையாளர்கள் முன்னால் கண்ணீரோடு கேப்டன் பதவியை விட்டார். அடுத்த டெஸ்டிலேயே பார்டர் கேப்டன். அவர் இதைக் கேட்டு வாங்கவில்லை. சீக்கிரமே ஹியூஸ் தலைமையில் ஒரு கூட்டம், தடையை மீறித் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் போய்விட்டது. ஆல்டர்மேனும் அதில் ஒருவர். மிச்சம் இருந்ததை வைத்துத்தான் அணி கட்ட வேண்டும்.

1985 ஆஷஸில் பார்டர் 597 ரன் எடுத்தார். லார்ட்ஸில் 196. தொடரை 3-1 என்று இழந்தார்கள். 1989 ஆஷஸில் 442 ரன், ஒரு சதம்கூட இல்லை. 4-0 என்று ஜெயித்தார்கள். பார்டரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல இந்த இரண்டு தொடரும் போதும். அவர் ரன் குறையக் குறைய அணி வளர்ந்தது. டேவிட் பூன், மார்க் டெய்லர், டீன் ஜோன்ஸ் என்று மேலே ஆட்கள் வந்துவிட்டார்கள். 1985இல் அறிமுகமான ஸ்டீவ் வா முதல் சதம் அடிக்க 1989 லீட்ஸ் வரை ஆனது. அத்தனை நாள் ஒரு பையனைச் சதம் இல்லாமலே அணியில் வைத்திருந்தார்கள் என்பதை இன்றைய அவசரத்தில் யோசித்துப் பார்க்க முடிகிறதா?

என் வாதத்தில் ஒரு ஓட்டை

இங்கேயே நிறுத்தினால் இது வெறும் ரசிகர் கட்டுரை ஆகிவிடும். ஆள் இல்லாததால்தான் சதம் குறைந்தது என்றால், ஆள் வந்த பிறகு சதம் கூடியிருக்க வேண்டும் இல்லையா? கூடவில்லை. 1988இல் பைசலாபாத்தில் 113 நாட் அவுட். அதற்கு அடுத்த டெஸ்ட் சதம் 1992 டிசம்பர் மெல்போர்னில். நாலு வருடத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை. அந்த வருடங்களில் மேலே ஆட நல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆறாம் இடத்தில் இறங்கினால் நேரம் குறைவு என்ற சமாதானம் ஓரளவுக்குத்தான் செல்லும். வயது ஏறியது, சுமை ஏறியது, பெரிய ஸ்கோருக்கான பசி குறைந்தது என்றே நான் படிக்கிறேன். கேப்டனாக இல்லாமல் இருந்திருந்தால் அவரை இத்தனை நாள் விட்டு வைத்திருப்பார்களா? சந்தேகம்தான்.

இரண்டாவது குறை. கேப்டனாக 93 டெஸ்டில் 32 வெற்றி, 22 தோல்வி, 38 டிரா, ஒரு டை. மேற்கிந்தியத் தீவுகளை ஒரு தொடரில்கூட ஜெயிக்கவில்லை. 1993 ஜனவரியில் அடிலெய்டில் 1 ரன்னில் தோற்றார்கள். ஜெயித்திருந்தால் தொடரே கைக்கு வந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து டெய்லர் தலைமையில் அதைச் செய்தார்கள். கிங்ஸ்டனில் 200 அடித்தது, பார்டர் காலத்தில் காத்திருந்து வளர்ந்த அதே ஸ்டீவ் வா.

ஆனால் "பயந்த கேப்டன்" என்ற பேச்சை நம்ம சேப்பாக்கமே மறுக்கும். 1986 செப்டம்பர் டை டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் டிக்ளேர் செய்தவர் பார்டர். கடைசி நாளில் கவாஸ்கர், அமர்நாத், அசாருதீன், கபில் இருந்த அணிக்கு 348 இலக்கு கொடுத்தார். டிராவுக்காக மட்டும் ஆடுகிற ஆள் அதைச் செய்ய மாட்டார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ் மனிந்தர் சிங்கை எல்பிடபிள்யூ ஆக்கினார். இந்தியா 347.

டீன் ஜோன்ஸ் விவகாரம்

அதே டெஸ்டில்தான் எனக்கு நெருடுகிற விஷயமும் இருக்கிறது. சென்னை வெயிலில் டீன் ஜோன்ஸ் 210 அடித்தார். நடுவில் வாந்தி, உடம்பெல்லாம் பிடிப்பு. இனி முடியாது என்று அவர் சொன்னபோது, அப்படியானால் உறுதியான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அனுப்பிவிடலாம் என்ற பொருளில் பார்டர் சீண்டினார். ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். பிறகு மருத்துவமனையில் டிரிப் ஏற்றும் நிலைக்குப் போனார்.

இதை வீரக்கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஜோன்ஸே பிற்காலத்தில் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊரில் செப்டம்பர் வெயில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அது வெறும் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று புரியும். அந்த ஆட்டம் நல்லபடியாக முடிந்ததால் அது வீரக்கதை. வேறு மாதிரி முடிந்திருந்தால் கேப்டன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என் துறையிலும் இப்படிப்பட்ட மேனேஜர்கள் உண்டு. ரிலீஸ் வெற்றி என்றால் அவர் தலைவர். இல்லையென்றால்? பார்டரின் கடுமை அந்த அணியை நிமிர்த்தியது என்பது உண்மை. அந்தக் கடுமைக்கு விலை இருந்தது, அதைக் கொடுத்தது அவர் மட்டும் இல்லை என்பதும் உண்மை.

அப்போ கடைசியில் என்ன?

சிறந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் யார் என்றால் பிராட்மேனுக்குப் பிறகு நான் சாப்பலையோ பாண்டிங்கையோதான் சொல்வேன். அழகுக்கும் ஆதிக்கத்துக்கும் பார்டரிடம் போக வேண்டாம். கட், புல், உடம்போடு ஒட்டிய தடுப்பு, ஸ்பின்னுக்கு எதிரே நல்ல கால் நகர்வு, இவ்வளவுதான் அவர் கையிருப்பு. ஆனால் 1984லிருந்து 1987 வரை அந்த இடத்தில் சாப்பல் அளவு திறமையும் அவரைப்போலவே நினைத்தபோது விலகும் வசதியும் உள்ள ஒருவர் இருந்திருந்தால், 1987 கொல்கத்தா உலகக்கோப்பையும் 1989 ஆஷஸும் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒரு சிஸ்டம் விழாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதை யார் தாங்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. லாகில் பிழை மட்டும்தான் பதிவாகும், விழாமல் நின்ற நாட்கள் பதிவாகாது. பார்டரின் 153 தொடர் டெஸ்ட்கள் அப்படிப்பட்ட பதிவு.

எக்செல்லில் அந்தக் காலத்தைச் சேர்த்துவிட்டேன். தலைப்பு: "மறுமுனையில் யார்". எல்லா வரியையும் இன்னும் நிரப்பி முடிக்கவில்லை. பார்டரின் வரியில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பும்போது தாம்சன், ஆல்டர்மேன் என்று பந்துவீச்சாளர்கள் பெயராக வருகிறது. அந்த 30 சதவீதத்தை அழிக்கவில்லை, அது சரியான எண்தான். ஆனால் வரிசைப்படுத்தும் பட்டனை அதன்மேல் இப்போது அழுத்துவதில்லை.