சிறுவனின் கண்ணில் துப்பாக்கி: ‘ஷேன்’ திரைப்படம் குறித்துச் சில சிந்தனைகள்

‘கௌபாய் படங்கள்’ என நாம் பொதுப்படக் குறிப்பிடும் வகையைச் சேர்ந்த படங்களுள், ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி 1953-இல் வெளிவந்த ‘ஷேன்’ நின்று சிந்திக்க வைக்கும் ஒன்று. ஜாக் ஷேஃபரின் நாவல் 1949-இல் நூலாக வந்தது; திரைக்கதையை ஏ. பி. கத்ரி எழுதினார். ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற இப்படத்திற்கு, லாயல் கிரிக்ஸின் வண்ண ஒளிப்பதிவுக்காக ஒரு விருது கிடைத்தது. ஆனால், விருதுகளைவிட முக்கியமானது இப்படம் எழுப்பும் கேள்வி. வன்முறையை வெறுக்கும் ஒரு கலைஞன், அதற்குக் கவர்ச்சி ஏற்றாமல் அதைக் காட்சிப்படுத்த முடியுமா?

கதை எளியது. வயோமிங் பள்ளத்தாக்கு ஒன்றில் ஜோ ஸ்டாரெட், அவர் மனைவி மரியன், மகன் ஜோயி ஆகியோர் பிற உழவர் குடும்பங்களுடன் வாழ்ந்து வருகிறார்கள். பெரும் மாட்டு மந்தைகளுக்கு உரிமையாளரான ரைக்கர் அவர்களை விரட்ட முனைகிறார். எங்கிருந்தோ குதிரையில் வரும் ஷேன், ஸ்டாரெட்டிடம் பண்ணையாளாகச் சேர்கிறான். உண்மையில் அவன் மாடு மேய்ப்பவன் அல்லன். தன் கடந்த காலத்தை உதறிவிட விரும்பும் துப்பாக்கிக்காரன். ரைக்கர் வில்சன் என்னும் கூலிக் கொலையாளியை வரவழைக்கிறார். இறுதியில் ஷேன் மீண்டும் துப்பாக்கியை ஏந்தி, எதிரிகளைக் கொன்றுவிட்டுப் பள்ளத்தாக்கை நீங்குகிறான்.

இக்கதைக்குப் பின்னே மெய்யான வரலாறு உண்டு. 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலத்தை வழங்கியது. திறந்தவெளி மேய்ச்சலை நம்பியிருந்த மாட்டு முதலாளிகளுக்கும் வேலி கட்டிய உழவர்களுக்கும் மோதல் மூண்டது. 1892-இல் வயோமிங்கின் ஜான்சன் மாவட்டத்தில், முதலாளிகள் டெக்சாசிலிருந்து கூலித் துப்பாக்கிக்காரர்களை இறக்கிப் படையெடுத்தனர். அவர்களை எதிர்த்து நின்றது தனி வீரன் ஒருவன் அல்லன். உள்ளூர் மக்களே பெருந்திரளாகக் கூடி வந்தவர்களை முற்றுகையிட்டனர். அரசுக் குதிரைப்படை வந்து முற்றுகையில் சிக்கியவர்களை மீட்டுச் சென்றது. படையெடுத்தவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. திரைப்படமோ மக்களின் கூட்டுச் செயலை ஓர் அந்நியனின் கையில் ஒப்படைக்கிறது. உழவர்கள் கூடுகிறார்கள், வாதிடுகிறார்கள், அஞ்சுகிறார்கள். தீர்ப்பு மட்டும் ஷேனின் இடுப்பில் தொங்குகிறது. இது இப்படத்தின் முதல் குறை.

ஆயினும், ஸ்டீவன்ஸ் துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாகக் கருதியவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் படப்பிடிப்புக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய அவர், 1945-இல் டாஹவ் வதைமுகாமை நேரில் கண்டு பதிவு செய்தவர். அக்குழு எடுத்த படச்சுருள்கள் நியூரம்பர்க் விசாரணையில் சான்றாகக் காட்டப்பட்டன. அந்த அனுபவத்தின் சுவடு ‘ஷேனி’ல் தெளிவாகத் தெரிகிறது. டோரி என்னும் எளிய உழவனை வில்சன் சுடும்போது, குண்டு பட்ட உடல் சேற்றில் பின்னோக்கித் தூக்கி எறியப்படுகிறது. நடிகரின் உடலை மறைகம்பிகளால் இழுத்து இக்காட்சியை எடுத்தார்கள். வெடியோசையும் இயல்பை மீறிப் பெரிதாக்கப்பட்டது. கொலைக்குப் பின் குன்றின்மேல் நிகழும் நீண்ட அடக்கக் காட்சியும், சவப்பெட்டியைக் கால்களால் பிறாண்டும் நாயும், ஓர் உயிரின் விலை என்ன என்பதை நமக்கு உணர்த்துகின்றன. அக்காலத்து மேற்கத்தியப் படங்களில் மனிதர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தனர்; எவருக்கும் அடக்கம் நிகழ்ந்ததாகப் பார்வையாளர் நினைவில் நிற்பதில்லை.

இனிச் சிறுவனிடம் வருவோம். நாவலில், வளர்ந்து பெரியவனாகிவிட்ட மகன் தன் இளமையை நினைவுகூர்ந்து கதையைச் சொல்கிறான். அங்கே காலத்தின் இடைவெளியும் அறிவின் நிதானமும் உண்டு. திரைப்படம் அந்த இடைவெளியை நீக்கிவிட்டது. பிராண்டன் டி வைல்டு நடித்த ஜோயி, காண்பதை அக்கணத்திலேயே விழுங்குகிறான். தொடக்கக் காட்சியில் அவன் ஒரு மானைக் குறிவைத்தவாறு ஒளிந்திருக்கிறான். மான் தலை நிமிர்கையில், அதன் கொம்புகளுக்கிடையே தொலைவில் வரும் ஷேன் தென்படுகிறான். சிறுவனின் துப்பாக்கியில் தோட்டா இல்லை. பெற்றோர் அதைக் கொடுக்கவில்லை. அந்த வெற்றுத் துப்பாக்கியின் விசையை அவன் இழுக்கும் ஓசை கேட்டதும், ஷேன் மின்னல் வேகத்தில் திரும்பித் தன் ஆயுதத்தைத் தொடுகிறான். வன்முறையைக் கைத்தொழிலாகக் கொண்டவனுக்குக் குழந்தையின் விளையாட்டும் அச்சமூட்டுகிறது என்பதை ஸ்டீவன்ஸ் ஒரு சொல்லும் இன்றிச் சொல்லிவிடுகிறார்.

மதுக்கடையில் ஷேன் முதல்முறை அடிதடியில் இறங்கும்போது, கதவோரம் நின்று மிட்டாயைக் கடித்தவாறே ஜோயி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாமும் அவ்வாறே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சுடக் கற்பிக்கும் காட்சியில், இப்பள்ளத்தாக்கில் ஷேனுடையது உட்பட ஒரு துப்பாக்கியும் இல்லாதிருப்பதே நல்லது என்கிறாள் மரியன். துப்பாக்கியும் மற்றவற்றைப் போல ஒரு கருவிதான், அதை ஏந்தும் மனிதனைப் பொறுத்தே அது நல்லதும் தீயதும் ஆகும் என்கிறான் ஷேன். வாதத்தில் மரியனே வெல்கிறாள் என்பது என் கருத்து; ஆனால், கதையின் போக்கு ஷேன் பக்கமே சாய்கிறது. அவள் சொன்னது நிறைவேறவும் முதலில் சிலர் சுடப்பட வேண்டியிருக்கிறது.

இறுதிச் சண்டையை ஆராய்ந்தால் இம்முரண் முழுமையாக வெளிப்படும். தான் செல்ல வேண்டிய இடத்திற்கு ஸ்டாரெட் செல்லாதிருக்க, ஷேன் நண்பனையே துப்பாக்கியால் அடித்து வீழ்த்துகிறான். அதைக் கண்டு வெறுப்பைக் கொட்டிய ஜோயி, மறுகணமே அவன் பின்னால் ஓடுகிறான். வில்சனும் ரைக்கரும் வீழ்ந்த பின், மாடியில் மறைந்து நின்று குறிவைக்கும் ரைக்கரின் தம்பியைப் பார்த்து எச்சரிக்கும் குரல் ஜோயியுடையது. அக்குரலால் ஷேன் உயிர் தப்புகிறான், மூன்றாமவன் மாள்கிறான். இதுவரை வெறும் பார்வையாளனாக நின்ற குழந்தை இக்கணத்தில் செயலுக்குள் நுழைந்துவிடுகிறான். அவனுக்குத் தோட்டா கொடுக்க மறுத்த பெற்றோரின் கவனம் இங்கே தோற்றுவிடுகிறது. இதனை இயக்குநர் அழுத்திக் காட்டவில்லை. ஆனால், படத்தின் மிகக் கடுமையான உண்மை இதுவே.

கொலை செய்தவன் அதனோடு வாழ முடியாது, அந்த முத்திரை அழியாது என்று ஷேன் சிறுவனிடம் விளக்குகிறான். பள்ளத்தாக்கில் இனித் துப்பாக்கி இல்லை என்று தாயிடம் சொல்லும்படி பணிக்கிறான். அமைதியை உருவாக்கியவனுக்கு அந்த அமைதியில் இடமில்லை என்ற இந்த ஒப்புதல் மேன்மையானது. ஆனால் ஜோயி அதைக் கேட்டானா? திரும்பி வருமாறு மலைகள் எதிரொலிக்க அவன் எழுப்பும் அழைப்பு, அறிவுரை சென்று சேரவில்லை என்பதற்குச் சான்று. அவன் மனத்தில் பதிந்தது ஷேனின் துயரம் அன்று; அவனது கைவேகம்.

மற்றோர் இன்மையும் சுட்டத்தக்கது. நிலத்தின் உரிமை குறித்து ரைக்கரும் ஸ்டாரெட்டும் வாதிடுகையில், தனக்கு முன்னோடியின் உரிமை உண்டு என்கிறார் ரைக்கர். அவருக்கும் முன்னே வந்த வேட்டையாடிகளையும் வணிகரையும் நினைவூட்டுகிறார் ஸ்டாரெட். இருவர் பேச்சிலும் செவ்விந்தியர் கடந்துபோன ஓர் இடராகவோ வணிகத்தின் ஒரு தரப்பாகவோ மட்டுமே வருகின்றனர். 1868-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஷோஷோனி மக்கள் வயோமிங்கின் விண்டு ரிவர் ஒதுக்கீட்டு நிலத்திற்குள் அடக்கப்பட்டவர்கள் என்பதை நினைத்தால், இந்த வாதம் முழுவதுமே உரியவர் இல்லாத வீட்டில் நடக்கும் பாகப்பிரிவினை போன்றது. முதலாளிக்கும் உழவனுக்கும் இடையே நீதியைத் தேடிய படம், அவ்விருவரும் நிற்கும் மண்ணை விசாரிக்கவில்லை.

இக்குறைகளோடும் ‘ஷேன்’ பார்க்கத்தக்க படமே. வன்முறையின் கோரத்தையும் அதன் கவர்ச்சியையும் ஒருசேரக் காட்டி, இரண்டுக்கும் இடையே ஒரு குழந்தையை நிறுத்தியிருக்கிறது அது. ஸ்டீவன்ஸ் துப்பாக்கியை வெறுத்தார். அவருடைய படமோ அதன் மீதான மோகத்தை முற்றிலும் களைய முடியாமல் நிற்கிறது. ஷேன் மலையேறிப் போய்விட்டான். ஜோயி பள்ளத்தாக்கிலேயே இருக்கிறான். இனி அவன் யாரைப் போல வளர்வான் என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் நம் பிள்ளைகளுடன் அமர்ந்து திரையைப் பார்க்கும் எவரும் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.