நயமும் துர்நயமும்: பறவைப் படங்களை வெட்டும் கலை

பறவைப் படங்களை நாம் பெரும்பாலும் "அழகா இருக்கே" என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறோம். செய்யுளுக்கு யாப்பு இருப்பதுபோல் படத்துக்கும் ஓர் அமைப்பு உண்டு. சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்பதே அதன் உயிர். எடுத்த படத்தின் ஓரங்களைப் பிறகு வெட்டிச் சுருக்குவதை 'கிராப்' செய்வது என்கிறார்கள். அந்த வெட்டுக்கு ஒரு நியாயம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமணத் தருக்கத்தில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பல தன்மைகள் உடைய ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் எடுத்துச் சொல்வது நயம். அந்த ஒரு கோணமே முழு உண்மை, மற்றவை இல்லை என்று சாதிப்பது துர்நயம். தமிழில் நயம் என்றால் அழகு என்றும் பொருள் என்பதை அன்பர்கள் அறிவார்கள். எந்தப் படமும் உலகம் முழுவதையும் அடக்காது. ஆகவே எல்லாப் படமும் நயமே. வெட்டுவது குற்றமில்லை. வெட்டு எப்போது துர்நயமாகிறது என்பதே கேள்வி.

இந்தச் சிக்கல் காமிராவுக்கும் மூத்தது. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்' தொகுதியில் 435 ஓவியத் தகடுகள் உண்டு. எல்லாப் பறவையையும் உயிரளவிலேயே காட்டுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். தாளின் உயரமோ ஏறத்தாழ மூன்றேகால் அடிதான். பூநாரை நிமிர்ந்து நின்றால் அதில் அடங்காது. என்ன செய்தார்? கழுத்தை வளைத்து, தலையைத் தரைப் பக்கம் தாழ்த்தி வரைந்தார். பூநாரை இரை தேடும்போது தலையைத் தாழ்த்துவது இயல்புதானே! தாளின் குறை பறவையின் குணத்தோடு பொருந்திவிட்டது. சட்டத்துக்காகப் பறவையைத் துண்டிக்காமல், பறவையின் இயல்பிலிருந்தே சட்டத்துக்கு வழி கண்டார். இது நயம்.

இன்றைய படக்காரர்கள் சொல்லும் விதிகளிலும் இப்படிக் காரணம் உண்டு. கண் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பார்கள். நாம் எந்த முகத்திலும் முதலில் கண்ணைத்தான் தேடுகிறோம். பறவை பார்க்கும் திசையில் சற்று இடம் விடு என்பார்கள். இல்லாவிட்டால் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். தண்ணீரில் நிற்கும் கொக்குக்குக் கீழே நிழலுருவத்தையும் சேர்த்துவிடு என்பார்கள். காலோடு வெட்டினால் அது தண்ணீரில் நிற்கிறதா தரையில் நிற்கிறதா என்றே தெரியாமல் போகும். ஆக, நல்ல விதி ஒவ்வொன்றும் பறவையைப் பற்றி ஏதோ ஒன்றைக் காப்பாற்றித் தருகிறது.

வெட்டுக்கு ஒரு விலையும் உண்டு. 24 மெகாபிக்ஸல் காமிராவின் படம் பொதுவாக 6000-க்கு 4000 புள்ளிகள். நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் 3000-க்கு 2000. அதாவது 6 மெகாபிக்ஸல். பாதி வெட்டியதாக நினைக்கிறோம், போனது முக்கால். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 20 அங்குல அகலம் 10 அங்குலமாகிவிடும். ஜவுளி வியாபாரத்தில் இதை நன்றாக உணரலாம். அளக்காமல் கத்தரி வைத்தவனுக்கு வெட்டுத்துண்டுதான் மிஞ்சும்.

புள்ளிகள் போனால் போகட்டும், செய்தி போகலாமா? டில்லிக்கு அருகே பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்கா, 1985-இல் உலக பாரம்பரியச் சின்னமான ஈரநிலம். அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பின் வரவில்லை. ஆழமில்லாத நீரில் நின்று கோரைக் கிழங்குகளைக் கிளறித் தின்ற பறவை அது. பழைய படங்களில் சிவந்த முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டும் படம் கண்ணைப் பறிக்கும். அந்த முகத்தை எந்த அருங்காட்சியகத்துப் பாடம் செய்த பறவையிலும் பார்த்துக்கொள்ளலாம். முழங்கால் அளவு தண்ணீரும் கோரையும் தெரியும் படம்தான், நாம் எதை இழந்தோம் என்பதைச் சொல்லும்.

ஜெய்சல்மேர்ப் பக்கத்துக் கானமயில் இன்னும் நெருக்கமான சான்று. ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. நேர் முன்னே பார்க்கும் பார்வை குறுகியது. மின்கம்பியைத் தாமதமாகத்தான் காணும், சட்டென்று திரும்பவும் முடியாது. அந்தக் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி நிபுணர் குழு அமைத்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே இப்படி வழக்காடிய கம்பியை, "பின்னணியைக் கெடுக்குது" என்று நம்மவர்கள் வெட்டியெறிகிறார்கள்! மிஞ்சுவது அகன்ற புல்வெளியில் கவலையற்ற பறவை. அதான் துர்நயம்.

வெட்டாமலேயே மறைப்பதும் உண்டு. குளிர்காலக் காலைகளில் யமுனைப் படித்துறையில் கடற்காகங்கள் படகைச் சூழ்ந்து பறக்கும் படம் தலைநகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பனி, படகு, சிறகுகள் எல்லாம் உண்மைதான். ஆனால் எண்ணெயில் பொரித்த சேவை வாரி எறியும் கை பல படங்களில் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. கூட்டுப் படமும் இப்படியே. குஞ்சு தெரியட்டும் என்று மறைவான கிளையை ஒடித்தால், படத்தில் ஒடித்த கிளை தெரியாது. வெயிலும் காக்கையும் குஞ்சைத் தேடி வருவதும் தெரியாது. அஹிம்சையை விளக்கில் பூச்சி விழாமல் காப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியுமா?

நம்மவர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் வாழ்நாள் இறுதிவரை இயற்கைப் பத்தி எழுதியவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். நிறத்தின் கவர்ச்சி இல்லாதபோது நிற்கும் நிலையும், நிழலும், சூழ்ந்த காடும்தான் பேசியாக வேண்டும். 2006-இல் வந்த அவருடைய படத்தொகுதியைப் புரட்டுவோர் இதை உணரலாம்.

நம் பிள்ளைகள் கையில் இன்று நல்ல காமிராக்களும் கைப்பேசிகளும் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்ல மூன்று போதும். வெட்டாத மூலப்படத்தை அழிக்காதே. வெட்டியதைத் தனியே சேமி. படத்தின் கீழே இடம், தேதி, தீனி போட்டதுண்டா என்பதை எழுது. கத்தரிக்குமுன், போகப் போவது வெறும் இடமா, பறவையின் வாழ்வா என்று கேள். இடமென்றால் தாராளமாக வெட்டலாம். வாழ்வென்றால் படம் சற்று அழகு குறைந்தாலும் அப்படியே இருக்கட்டும்.