துரும்பும் சாயமும்: இரு நாவல்கள்

மத்தேயு 7:3இல் ‘துரும்பு’ என நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் உலர்ந்த சிறு துணுக்கைக் குறிப்பது. மரத்தூள் என்றும் அதனைக் கொள்வர். பின்னலாடைத் தொழில் நிறைந்த திருப்பூரிலோ கண்ணில் விழும் துரும்பு பஞ்சுத்தூசியே. அவ்வெண்ணத்தோடு இரு நாவல்களைச் சேர்த்து நோக்குவோம்.

தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளரின் வறுமையைச் சித்திரிக்கிறது. ஆசிரியரின் தீர்ப்பில் ஐயத்துக்கு இடமில்லை; ஆயினும் பாத்திரங்கள் சில வேளைகளில் அத்தீர்ப்புக்குச் சாட்சிகளாக மட்டுமே நின்றுவிடுகின்றனர்.

சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) திருப்பூர்ச் சாயக்கழிவால் நீரும் நிலமும் மனிதரும் கெடுவதைக் காட்டுகிறது. இங்கே தீர்ப்பு எளிதன்று. நொய்யலைக் கெடுத்த தொழிலே பல குடும்பங்களுக்கு அன்னமும் அளிக்கிறது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது இவ்விரு உண்மைகளும் ஒருங்கே வெளிப்பட்டன.

ஆகவே பின்னதே நம்மை அதிகம் சோதிக்கும் நூல் எனலாம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆராதனையில் அமரும் சபையில், காணிக்கைப் பையில் விழும் பணமும் அந்நீரில் நனைந்ததே. பிறர் கண்ணின் துரும்பைச் சுட்டும் பிரசங்கி, தாம் தரித்திருக்கும் வெள்ளை அங்கி எந்த நீரில் வெளுக்கப்பட்டது என்பதை முதலில் வினவக்கடவர்.