சில்லுக்கு முன் உடல்

பீங்கான் மொசைக் சிற்பத்தை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: சில்லுகளை உரித்துவிட்டால் எஞ்சும் உடல் சிற்பமாக நிற்குமா? செய்து பார்த்தவருக்கு இதன் நியாயம் கைவழியே புரியும். தட்டையான டைல் வளைவில் உட்காராது. தோள், கழுத்து, மூட்டு என வளைவு இறுக இறுகச் சில்லும் சிறுக்க வேண்டும். இடைவெளியை நிரப்பும் சாந்து கோடாகி, வடிவத்தைத் துலக்கும், அல்லது சிதைக்கும். உடலின் பிழையைப் பளபளப்பு மறைப்பதில்லை. வெயில் பட்டதும் காட்டிக்கொடுக்கிறது.

இந்த அளவுகோலின்படி செட்டிநாடு, உடலைவிட மேற்பரப்பு எனும் தோல் செழித்த நாடு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய புடைப்பு டைல்கள் நகரத்தார் வீட்டுச் சுவர்களில் இன்றும் ஒளிர்கின்றன. அவற்றின் அழகு முழுமையைச் சார்ந்தது. பல டைல்கள் அருகருகே கூடித்தான் கோலம் நிறைவுபெறுகிறது. உடைத்துச் சிற்பத்தில் ஒட்டினாலோ, புடைப்பும் பூவும் அடியிலுள்ள வடிவத்தோடு மல்லுக்கட்டுகின்றன. வீடு இடிபடும்போது உடைந்தவற்றைப் பயன்படுத்தலாம். முழு டைலைச் சிற்பத்துக்கென்று உடைப்பதை என்னால் ஏற்க இயலாது.

ஆத்தங்குடிக் கல் பீங்கானே அல்ல. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்புறம் சாந்திட்டு, நீரில் ஊறவைத்து இறுக்குவது, சூளையைக் காணாதது. நிறம் மேலடுக்கோடு நின்றுவிடும், கனமோ அதிகம். நடக்க நடக்க மெருகேறும் தரைக்குரிய அந்தக் கல்லை, வட்டார அடையாளம் வேண்டும் என்பதற்காகச் சிற்பத்தில் பதிப்பது பொருளின் இயல்பை மதிக்காத செயல்.

செட்டிநாட்டுக்கு வெளியே பார்த்தால், 1976இல் திறக்கப்பட்ட சண்டிகர் பாறைத் தோட்டத்தில் நேக் சந்தின் உருவங்கள் அணியணியாக நிற்கின்றன. கழிவுப் பீங்கானுக்கும் உடைந்த வளையலுக்கும் அவர் தந்த கண்ணியம் பெரிது. தொகுதியாக அவற்றின் வீச்சை மறுக்க முடியாது. தனி உருவம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உடல் விறைத்திருக்கிறது, சில்லு ஆடையாக மட்டுமே நிற்கிறது. பார்சிலோனாவின் கூயல் பூங்காவில் கட்டடக் கலைஞர்கள் கௌடியும் ஜுஜோலும் அமைத்த, உடைந்த டைல் பதித்த நெளியும் இருக்கை இந்தக் குறையைத் தாண்டியது. வளைவுதான் அங்கே உடைப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. உருவச் சிற்பத்தின் சிக்கல்களை அது எதிர்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சிக்கல்களை எதிர்கொண்டவர்கள் நம் மண்சிற்பக் குயவர்களான வேளார்கள். புதுக்கோட்டையை அடுத்த நமணசமுத்திரம் அய்யனார் கோவிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பாருங்கள். காலை உருளையாக எழுப்பி, அதன்மேல் உள்ளீடற்ற உடலை வளர்த்து, பிறகு சுடுகிறார்கள். மணியும் மாலையும் மண்ணாகவே உடலோடு ஒட்டி வருவதால், அணி எங்கும் வடிவத்தை மீறுவதில்லை. மழையில் அவை சிதையும் என்பது குறையாகாது. புரவி எடுப்பு விழாவில் புதியவை வந்து நிற்கும். மொசைக் சிற்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நிலைத்திருக்கவே அது செய்யப்படுகிறது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்தால் சிமெண்ட் வெடித்துச் சில்லு உதிர்ந்துவிடும்.

எனவே செட்டிநாட்டில் மொசைக் சிற்பம் பயில வருபவர் டைல் கடைக்குப் போகுமுன் வேளார் வீட்டு முற்றத்தில் களிமண்ணோடு உட்கார வேண்டும். சில்லில்லாமல் நிற்கும் உடலொன்றைச் செய்து முடிக்கும்வரை பீங்கானைத் தொடாதிருப்பது நல்லது.