எந்தத் தரைக்கு இந்தச் சேஸிஸ்?

'டூ வீல் டிரைவ் ரோபோ கிட்' என்று இணையத்தில் தேடினால் ஏகப்பட்ட கடைகள் வரும். பொருள் என்னவோ ஒன்றுதான். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு, மஞ்சள் கலர் பி.ஓ. மோட்டார் இரண்டு, 65 மில்லிமீட்டர் விட்டத்தில் சக்கரம் இரண்டு, பின்னாடி ஒரு குட்டி காஸ்டர் வீல், நாலு பேட்டரி போடுகிற டப்பா, ஒரு பொட்டலம் ஸ்க்ரூ. சென்னை ரிச்சி தெருவில் நேரில் வாங்கினாலும் சரி, கூரியரில் அருப்புக்கோட்டைக்கு வரவழைத்தாலும் சரி, பெட்டியைத் திறந்தால் இதே சாமான்தான். ஒரு புத்தகத்தை விமர்சிக்கிற மாதிரி இந்தக் கிட்டை விமர்சித்துப் பார்த்தால் என்ன? நம்ம பிள்ளைகளில் நிறைய பேருக்கு ரோபாட்டிக்ஸில் முதல் பாடப்புத்தகமே இதுதானே.

என் குறை ஒன்றுதான். இந்தச் சேஸிஸ் டைல்ஸ் தரையை மனசில் வைத்துச் செய்தது. ஆனால் அதை எங்கேயும் சொல்வதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து நிலம் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் அதே மண் செருப்பில் அப்பி, பத்து எட்டு வைப்பதற்குள் கால் கனத்துப் போகும். குண்டாற்றுப் பக்கம் போனால் மணல். மற்ற இடங்களில் சரளையும் சீமைக்கருவேல முள்ளும்.

இப்போ கணக்குப் போடுவோம். 65 மி.மீ. சக்கரம் என்றால் அச்சு தரையிலிருந்து 32.5 மி.மீ. உயரத்தில் இருக்கும். மோட்டாரோட கியர் பெட்டி 22 மி.மீ. அகலம்; அதில் பாதி அச்சுக்குக் கீழே தொங்கும். மிச்சம் இருக்கிற இடைவெளி சுமார் 2 சென்டிமீட்டர். ஒரு சாதாரண சரளைக்கல் போதும், வயிறு தட்டி நின்றுவிடும். காஸ்டர் நிலைமை இன்னும் மோசம். தானாக உருளாமல் பின்னால் இழுபடுகிற சக்கரம், தன் ஆரத்துக்குச் சமமான படியை ஏறவே முடியாது. அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறினாலே பெரிசு. ஒரு அங்குல காஸ்டருக்கு அது 4 மி.மீ. கரிசல் வெடிப்பில் விழுந்தால் மோட்டார் எவ்வளவு முக்கினாலும் வெளியே வராது.

கூடவே பலரும் வாங்குகிற மோட்டார் டிரைவர் எல்298என். பழைய வகை டிரான்சிஸ்டரில் ஓடுவது என்பதால் ஏறக்குறைய 2 வோல்ட்டை அதுவே தின்றுவிடும். நாலு பென் பேட்டரி தருகிற 6 வோல்ட்டில் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட். டைல்ஸ் மேல் இது யாருக்கும் உறைக்காது. புழுதியில் இழுவை தேவைப்படும்போதுதான் தெரியும். மாஸ்ஃபெட்டில் வேலை செய்யும் டிபி6612 போன்ற சின்ன போர்டு போட்டாலே இந்த நஷ்டம் பெருமளவு குறைந்துவிடும்.

'பொம்மை வண்டிக்கு இவ்வளவு யோசிக்கணுமா?' என்று கேட்கலாம். பெரிய இடத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலவின் மண்ணைப் போலவே ஒரு மண் தேவைப்பட்டது. இஸ்ரோ நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பக்கத்து அனார்த்தசைட் பாறையை எடுத்துப் பொடியாக்கி அந்த மண்ணைத் தயாரித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவர் 26 கிலோ, ஆறு சக்கரம். அந்த ஆறு சக்கரத்துக்குப் பின்னால் 'தரை எப்படி இருக்கும்?' என்ற கேள்விதான் இருக்கிறது.

நம்ம ஊருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு. மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் ஆழ்துளைக் கிணற்றில் விழும் குழந்தைகளை மீட்க ஒரு கருவி செய்தார். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குழிக்குள் விழுந்த மூன்று வயதுச் சிறுவனை உயிரோடு மேலே கொண்டுவந்தது அதுதான். அந்தக் கருவியில் சக்கரமே கிடையாது. கயிற்றில் இறங்குகிற உடம்பு, ஒரு கேமரா, பற்றிப் பிடிக்கிற கைகள். குழியின் அகலம் என்ன, பிள்ளை எப்படிச் சிக்கியிருப்பான் என்பதிலிருந்துதான் அந்த வடிவம் வந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது அவருடைய கருவியும், வேறு பல குழுக்களின் கருவிகளும் முயன்றன, காப்பாற்ற முடியவில்லை. வேறு குழி, வேறு ஆழம். தண்ணீர் வராமல் கைவிட்ட போர்கள் நிறைந்த வறண்ட பூமியில் இதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. முதல் மருந்து ரோபோ இல்லை, குழிக்கு ஒரு மூடி. அதை உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. ஆனால் இப்படி ஒரு கருவியை நாளைக்கு யாராவது நம்ம பக்கத்திலிருந்து செய்யணும் என்றால், அவருக்குக் கிட் சொல்லித் தராத பாடம்தான் தேவைப்படும்.

அந்தப் பாடம் அருப்புக்கோட்டையில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. இது விசைத்தறி ஊர். தறி நின்றால் கூலி நின்றது. அதனால் உடைந்த பாகத்தைப் பார்த்து அதே அளவில் இன்னொன்று செய்கிற கை இங்கே எப்பவும் தேவை. லேத் பட்டறையில் ஒரு அச்சைக் கடைந்து வாங்கலாம். பெயர்ப்பலகை செய்கிற கடையில் ஏ.சி.பி. ஷீட் துண்டுகள் மிஞ்சும், 3 மி.மீ. கனம், அக்ரிலிக் மாதிரி ஸ்க்ரூ முறுக்கினவுடன் கீறல் விடாது, கத்தியாலேயே கோடு போட்டு மடிக்கலாம். மின்சாமான் கடையில் ஹைலம் ஷீட் கேட்கலாம். பிளம்பிங் கடையில் பி.வி.சி. பைப்பும் மூடியும் உண்டு, 110 மி.மீ. மூடி இரண்டு, அதைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினால் கிட் சக்கரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிய சக்கரம். பெரிய சக்கரத்துக்கு அதே மோட்டாரில் இழுவை குறையும் என்பது அடுத்த பாடம். அங்கேதான் கியர் விகிதம் எதற்கு என்று பிள்ளைக்கு நிஜமாகப் புரியும்.

எல்லாமே உள்ளூரில் செய்யணும் என்று சொல்ல வரவில்லை. மோட்டார், டிரைவர், கன்ட்ரோலர் போர்டு இங்கே யாரும் செய்வதில்லை, வாங்கத்தான் வேண்டும். கிட்டுக்கு ஒரு நியாயமும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. ஒரு லேத் பட்டறைக்குள் எட்டாம் வகுப்புப் பையன் போய் நின்றால் 'என்னடா தம்பி' என்று கேட்பார்கள். அதே வகுப்புப் பெண் போய் நிற்பது இன்றைக்கும் அவ்வளவு சுலபம் இல்லை. கூரியர் பெட்டி பையன், பெண் பார்ப்பதில்லை. சில நூறு ரூபாயில், ஒரு மணி நேரத்தில், தன் கையால் மாட்டின வண்டி ஓடுகிற சந்தோஷத்தை அது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தருகிறது. பட்டறைப் பெருமை பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாகணும்.

பதில் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கு என்று நினைக்கிறேன். 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும். விருதுநகர், முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் உள்ள மாவட்டம். இப்படி வருகிற பணத்தில் முப்பது அக்ரிலிக் கிட் வாங்கி அலமாரியில் அடுக்குவதைவிட, மோட்டாரும் டிரைவரும் மட்டும் வாங்கி, தகட்டையும் சக்கரத்தையும் பிள்ளைகளே அளந்து வெட்டட்டும். ஒரு வைஸ், ஹேக்ஸா, டிரில், வெர்னியர் வாங்கி வைத்தால் போதும். லேத் வேலை தேவைப்பட்டால் ஆசிரியர் மொத்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். அப்போ அந்தப் பெண் தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை.

போட்டியையும் ஏ.சி. ஹாலில் கறுப்புக் கோடு ஒட்டி நடத்த வேண்டாம். பள்ளிக்கூட வாசலிலிருந்து மைதானத்து வேப்பமரம் வரை, இருக்கிற மண்ணிலேயே ஓட்டச் சொல்லுங்கள். மழைக்கு முந்தி ஒரு தடவை, மழைக்குப் பிந்தி ஒரு தடவை.