டேப்பைக் கீழே வைத்துவிட்ட ஆராய்ச்சி

கட்டடக்கலை இளநிலைப் படிப்பான பி.ஆர்க்கில் மாணவர்களுக்கு மெஷர்ட் டிராயிங் என்று ஒரு வேலை உண்டு: இருக்கும் கட்டடத்தை அளந்து வரைவது. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் டேப்போடு இறங்குவார்கள். முற்றத்தின் நாலு பக்கத்தையும் அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்கேயும் இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகாதபோதுதான் முற்றம் கோணல் என்று தெரியவரும். கொத்தனார் விட்ட பிழையா, மனையே கோணலா, பிற்பாடு ஒரு கட்டு சேர்த்தார்களா? சுவரின் கனத்தைப் பார்க்க வேண்டும், வீட்டுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். கேள்வி, சான்று, சரிபார்ப்பு எல்லாமே இதில் இருக்கின்றன. நாசா என்ற கட்டடக்கலை மாணவர் அமைப்பு இந்த ஆவணப் பணிக்கென்றே கட்டடக்கலைஞர் லூயி கான் பெயரில் கோப்பை வைத்திருக்கிறது. ஆனால் இதை ஆராய்ச்சி என்று யாரும் சொல்வதில்லை.

முதுநிலைப் படிப்பான எம்.ஆர்க் சேர்ந்ததும் டேப் கையைவிட்டுப் போகிறது. இரண்டே ஆண்டு, நான்கு செமஸ்டர். கடைசியில் வரும் தீசிஸ் பெரும்பாலும் பி.ஆர்க் தீசிஸின் பெரிய பதிப்புதான்: கொஞ்சம் லிட்டரேச்சர் ஸ்டடி, சில கேஸ் ஸ்டடி, பிறகு இவை இரண்டுக்கும் ஒட்டாத ஒரு டிசைன். கற்பிக்கும் வேலைக்கு இந்தப் பட்டம் வேண்டும் என்பதற்காகவே சேர்கிறவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

முனைவர் பட்டத்திலோ வரைபடம் பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்லும் கேள்வித்தாளும் அட்டவணையும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பொறியியலிடமும் சமூகவியலிடமும் கடன் வாங்கிய இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பழைய வீடு எப்போதும் குளுமை என்று நாம் அடித்துச் சொல்வதை, முற்றத்திலும் உள்ளறையிலும் கோடை முழுக்கத் தொங்கும் வெப்பப் பதிவுக் கருவி பொய்யாக்கலாம். கட்டடக்கலையில் பெருமைப் பேச்சு அதிகம். அதற்குக் கடிவாளம் போட எண்கள் வேண்டும். சிக்கல், கேள்வித்தாளில் அடங்கும் கேள்விகள் மட்டுமே ஆராய்ச்சியாகிவிடுவதில் இருக்கிறது. தீசிஸ் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் நீக்கியது. அட்டவணை மோகம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் வேறு வழி பிடித்தது. 1980களின் பிற்பகுதியில் கட்டடக்கலைப் பேராசிரியர் லியோன் வான் ஷைக் அங்கே தொழிலில் இருந்த கட்டடக்கலைஞர்களை அழைத்து, தாங்கள் கட்டியவற்றையே ஆராயச் சொன்னார். இறுதித் தேர்வு, வரைபடங்களைக் கண்காட்சியாக வைத்துப் பலர் முன்னிலையில் வாதாடுவது. தன் கட்டடத்தைத் தானே ஆராயும்போது தற்புகழ்ச்சி எளிதில் நுழைந்துவிடும். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர் குரல் கேட்காமலே போகலாம். இருந்தும் வரைபடம் அங்கே வாதமாக நிற்கிறது. இங்கே அந்த முறையைக் கொண்டுவர, கட்டிப் பழகியவர்கள் ஆராய்ச்சி கைடாக வேண்டும். முனைவர் பட்டமும் முழுநேரப் பேராசிரியர் பதவியும் இல்லாத ஒருவரை நம் விதிகள் அந்த நாற்காலியில் உட்கார விடுவதில்லை.