கழன்ற கேப்பை என்ன செய்வது?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் இருப்பவருக்குப் பல் கேப் ஆடத் தொடங்கினால், பசை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தோலையும் ரப்பரையும் பிரியாமல் பிடிக்கும் பசை பல்லைப் பிடிக்காதா? பிடிக்காது, அதிலுள்ள கரைப்பான் ஈறைத்தான் புண்ணாக்கும். பெட்டிக்கடை ஃபெவிக்விக் பிடிக்கும், அதுதான் வம்பு. கேப் கோணலாக இறுகிவிட்டால் டாக்டர் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். சும்மா மறுபடி ஒட்டியிருக்கக்கூடிய கேப், புதுக் கேப் செலவில் போய் நிற்கும்.

கேப் கழல்வதற்குக் காரணம் பல. உள்ளிருக்கும் சிமெண்ட் கரைந்திருந்தால் சுத்தம் செய்து பழையதையே ஒட்டலாம். அடியில் சொத்தை விழுந்திருந்தால் அதை நீக்கிய பிறகுதான் பேச்சு. ரூட் கனால் செய்த பல்லில் வலி தெரியாது. சொத்தை எவ்வளவு முற்றினாலும் கேப் ஆடும்வரை பலர் கவனிப்பதில்லை.

ஆம்பூர், வேலூர் வட்டாரத்தில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி.யில் பல் பிரிவு இருக்கிறது, பஜாருக்குப் பஜார் தனியார் கிளினிக்குகள், தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம். இந்தியாவில் முந்நூறுக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். இவ்வளவு பேர் இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு: ஆடிய கேப்போடு போனவரிடம் புது ஜிர்கோனியா கேப்பின் விலைப்பட்டியல் நீளும்.

இலங்கையில் கதை வேறு. 1950களிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளின் பல்லை அரசுப் பல் சிகிச்சையாளர்கள் பார்த்து வருகிறார்கள். பல் பிடுங்குவதும் அடைப்பதும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பல் மருத்துவரை உருவாக்கியதோ நெடுங்காலம் பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். கேப் என்றால் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் தனியாரிடம் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, காசு கட்ட வேண்டும். அதனால் யாழ்ப்பாணத்துக்காரர் கழன்ற கேப்பைப் பத்திரப்படுத்திக் கொண்டுபோனால் அது வெறும் சிக்கனமல்ல. தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம் என்றாலும் அவர் செய்வதே சரி என்பேன். ஆம்பூரிலும் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, பழையதையே ஒட்ட முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாக்டரைப் பார்க்கும்வரை செய்ய வேண்டியவை இரு கரைக்கும் பொது. ஆடும் கேப் கையோடு வந்தால் எடுத்து ஒரு சிறு டப்பாவில் வையுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், அந்தப் பக்கம் மெல்லவும் வேண்டாம். அப்படியே தூங்குவதுதான் ஆபத்து. வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். மூச்சுக்குழாயில் இறங்கினால் அப்படியல்ல. கழன்றதும் விடாத இருமலோ மூச்சிரைப்போ வந்தால் பல் கிளினிக்கைத் தேடாமல் நேரே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். கூச்சம் எடுத்தால் பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் போதும்.

ஷிஃப்டை விட்டால் சம்பளம் போகும் என்று தொழிலாளர்கள் பலர் வாரக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். அதற்குள் பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டால், டப்பாவில் காத்த கேப் உட்காராது. ஆம்பூரில் பல கிளினிக்குகள் மாலையில்தான் களைகட்டும். வேலை முடிந்து போகலாம்.